கோடு வரைக்கும்

கார்ப்போவின் குவளை இப்போது என் வீட்டு அலமாரியில், தடுப்பூசி அட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. காப்பித்தூள் வாங்கும்போது இலவசமாக வந்த சின்னக் கண்ணாடிக் குவளை. அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில், அரத்தால் கீறிய கோடு ஒன்று அதைச் சுற்றி ஓடும். கீறியவர் அவரேதான். எங்கள் மீனவர் ஊரான லாவிஸ் கரையில் இருபது வருஷமாக எந்தக் குடிகாரனும் அந்தக் கோட்டைக் குறை சொன்னதில்லை.

"என் வீட்டுல இருந்தா தினமும் கண்ணுல படுது, மாரே. நீங்களே வச்சுக்கோங்க" என்று கொண்டுவந்து கொடுத்தார். நான் அவர் மகனுக்கு ஞானத்தாய். பிள்ளையைப் பெற்றவரும் ஞானஸ்நானத்தில் அதைக் கையில் ஏந்தியவளும் ஒருவரையொருவர் பாரே, மாரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். கூட்டாளி ஆண்களும் தங்களுக்குள் பாரே என்பார்கள். இப்போது குவளை தினமும் என் கண்ணில் படுகிறது. எனக்கு அது வேண்டியதுதான்.

வியாழக்கிழமை பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் பேசவேண்டும். போன தடவை ஒரு பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். அதனால்தான் முன்கூட்டியே எழுதி வைக்கிறேன். வாய்க்கு வராதது கைக்காவது வருகிறதா பார்ப்போம்.

அவர் முழுப்பெயர் பொலிகார்ப்போ. மீன் இறங்கும் துறையில் நிறுப்பவர். படகுக்காரன் வியாபாரியைத் திருடன் என்பான், வியாபாரி படகுக்காரனைத் திருடன் என்பான். இரண்டு பேர் சொல்வதும் பெரும்பாலும் உண்மைதான். அந்த இரண்டு கட்சியும் நம்பிய ஒரே ஆள் கார்ப்போ. கூடையைக் கையால் தூக்கிப் பார்த்து எடையைச் சொல்வார். தராசில் வைத்தால் முள் அங்கேதான் போய் நிற்கும். வேண்டியவன் வேண்டாதவன் என்று பார்க்கமாட்டார். ஒருமுறை என் வீட்டுக்காரருடைய கூடையில் அடியில் ஐஸ் அதிகம் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. நான் பேசினேன். ஐஸ் அதிகமாகத்தான் இருந்தது.

அப்படிப்பட்ட கைக்குப் பாட்டில் வந்து சேராமல் இருக்குமா? எங்கள் ஊரில் எத்தனை பேர் குடிக்க உட்கார்ந்தாலும் குவளை ஒன்றுதான். ஒருவர் ஊற்றுவார், அவரைத் தங்கேரோ என்போம். முதல் ஊற்றலை மண்ணில் விடுவார், கண்ணுக்குத் தெரியாதவர்களுக்காக. பிறகு குவளை அவருடைய வலப்பக்கத்திலிருந்து சுற்ற ஆரம்பிக்கும். உன் முறை வந்தால் குடித்துவிட்டு உடனே அவரிடம் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும், ஏனென்றால் அடுத்தவன் அதே குவளைக்குக் காத்துக்கொண்டிருக்கிறான். கையில் வைத்துக்கொண்டு பேசினால் "குவளை சூடாகுதுடா!" என்று கத்துவார்கள். வேண்டாம் என்று சொன்னால் ஊற்றியவரின் மூஞ்சியில் அடித்த மாதிரி. நல்ல தங்கேரோ ஒருவனுக்குக் கூட்டவும் மாட்டான், இன்னொருவனுக்குக் குறைக்கவும் மாட்டான். அதற்காகத்தான் கார்ப்போ குவளையில் கோடு போட்டார்.

ஞானஸ்நானமா, திருவிழாவா, சாவா, எதுவானாலும் முதலில் "கார்ப்போ வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். அவருக்கு அதில் பெருமை இருந்தது. குடியில் ஆசை அவ்வளவாகக் கிடையாது. தன் முறைக்குக் கோடு வரைக்கும் ஊற்றிக் குடிப்பார், அத்தோடு சரி. சமமாக ஊற்றினால் சண்டை வராது, சண்டை வராவிட்டால் குடியால் கேடு ஒன்றும் இல்லை என்று மனசார நம்பினார். சும்மா சொல்லக்கூடாது, ஊரே அப்படித்தான் நம்பியது.

அவர் மனைவி மெர்சிங், மகன் அந்தோய்க்கு ஆறு வயதிருக்கும்போது டெங்குக் காய்ச்சலில் போய்விட்டாள். வீட்டில் பார்க்க ஆளில்லை. கார்ப்போ போகிற இடத்துக்கெல்லாம் பையனையும் கூட்டிக்கொண்டு போனார். குடி வட்டத்தில் அப்பாவின் மடியில் உட்கார்ந்து, காடியில் ஊறிய பச்சை மீனை எடுத்து எடுத்துத் தின்பான். ஏழு வயதில் யாருடைய முறை என்று கூவுகிற வேலையை அவனே எடுத்துக்கொண்டான்.

"அடுத்து தாசியோ மாமா! குவளை சூடாகுது, சீக்கிரம்!"

அந்தக் கீச்சுக்குரலைக் கேட்டு வட்டமே வயிறு குலுங்கச் சிரிக்கும். அடுப்படியில் பெண்களோடு நின்றுகொண்டு நானும் சிரிப்பேன்.

அந்தோய் பத்தாம் வகுப்பு முடித்த அன்று கார்ப்போ ஒரு சின்னப் பன்றியைச் சுட்டு விருந்து வைத்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்து ஆண்கள் வேப்பமர நிழலில் வட்டம் போட்டார்கள். படகு முதலாளி தாசியோவுக்குத்தான் எப்போதும் குரல் பெரிது.

"பாரே, பையனுக்கு மீசை வந்தாச்சு. நாளைக்கு என் படகுல ஏறப்போறான். இன்னும் முறை கூவிக்கிட்டே இருப்பானா? உட்காரச் சொல்லு."

அந்தோய் வெட்கத்தோடு அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் முறை வந்தது. கார்ப்போ ஊற்றினார். பாதிக் கோட்டில் கை நின்றது. நான் பார்த்தேன். எல்லாரும் பார்த்தார்கள்.

"என்ன பாரே, உன் மகனுக்குத் தனிக் கோடா?" என்றார் தாசியோ. "அப்போ மீன் நிறுக்கறதும் இப்படித்தானா? இத்தனை வருஷமா ஏமாந்துட்டோமே!"

வேடிக்கைக்குச் சொன்னதுதான். எல்லாரும் கெக்கேபிக்கே என்று சிரித்தார்கள். கார்ப்போ சிரிக்கவில்லை. பாட்டிலை மறுபடியும் சாய்த்துக் கோடு வரைக்கும் நிரப்பினார்.

"எல்லாருக்கும் ஒரே கோடுதான்" என்று மகனிடம் நீட்டினார்.

பையன் ஒரே மூச்சில் குடித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, இருமினான், பிறகு சிரித்தான். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் கைதட்டினேன். அன்றைக்கும் நான் இந்த ஊர்ச் சுகாதாரப் பணியாளர்தான். பிறந்த குழந்தைகளுக்குச் சொட்டுமருந்து கொடுக்கிறவள். அவனுக்கும் கொடுத்தவள்.

அந்தோய் கெட்ட பையன் இல்லை. இதை அழுத்தி எழுதுகிறேன், ஏனென்றால் குடித்துச் செத்தவன் என்றாலே கெட்டவன் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். யாரையும் அடித்ததில்லை. தெருவில் விழுந்து கிடந்ததில்லை. கோயில் பாட்டுக் குழுவில் பாடுவான். கிழவிகளுக்குத் தண்ணீர்க் குடம் தூக்கிக் கொடுப்பான். எங்கள் ஊரில் சண்டை போடுகிறவனும் சாக்கடையில் விழுகிறவனும்தான் குடிகாரன். அந்தோய் இரண்டும் செய்யாததால் அவன் குடிகாரன் இல்லை என்றே இருந்துவிட்டோம்.

பதினெட்டு வயதில் படகு கரை சேர்ந்ததும் தினமும் வட்டம். இருபத்தொன்றில், கடலுக்குப் போகும்முன் குளிருக்கு ஒரு குவளை. இருபத்துமூன்றில் ஒரு நாள் காலை என் வீட்டுக்கு வந்தான். நான் காப்பி கொடுத்தேன். கோப்பையைப் பிடித்த கை ஆடி, காப்பி தட்டில் சிந்தியது. அவன் சட்டைப் பையிலிருந்து சின்னப் பாட்டிலை எடுத்து ஒரு மடக்கு குடித்தான். கொஞ்ச நேரத்தில் கையை நீட்டிக் காட்டினான். ஆடவில்லை.

"பாத்தீங்களா நினாங்? ஆஸ்பத்திரி மருந்து தோத்துப்போச்சு" என்றான். ஞானத்தாயை எங்கள் பிள்ளைகள் நினாங் என்றுதான் கூப்பிடும்.

"அடச் சீ, கழுதை! காலங்காத்தாலயா?" என்று முதுகில் ஒன்று வைத்தேன். அப்புறம் சிரித்தேன். அந்த நோய் என் சமையலறையில் உட்கார்ந்து, கையை நீட்டி, இதோ நான்தான் என்று சொன்னது. நான் முதுகில் செல்லமாகத் தட்டி அனுப்பிவிட்டேன். குவளையை அவன் கை கேட்கவில்லை, உடம்பு கேட்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

அதற்கு அடுத்த வருஷம் தாசியோ அவனைப் படகிலிருந்து இறக்கிவிட்டார். வலைக்கயிற்றைக் கையிலிருந்து நழுவ விட்டானாம். "கை நடுங்கறவனை வச்சுக்கிட்டு நான் கடல்ல என்ன பண்ண?" என்று துறையில் எல்லார் முன்னாலும் கேட்டார். தனிக் கோடா என்று கேட்ட அதே வாய்.

வேலை போனபிறகு அந்தோய்க்குக் குடிப்பதைத் தவிர வேலை இல்லை. வட்டமும் தேவைப்படவில்லை. குவளையும் தேவைப்படவில்லை. காலையில் கண் விழித்ததும் பாட்டிலோடு ஆரம்பிப்பான். கன்னம் ஒட்டி, கால் வீங்கி, இருபத்தைந்து வயதில் அப்பாவைவிடக் கிழவனாகத் தெரிந்தான். ஆனால் என்னைப் பார்த்தால் எழுந்து நின்று என் கையை எடுத்து நெற்றியில் வைத்து ஆசி வாங்குவான். அது மட்டும் கடைசிவரை மாறவில்லை.

போன வருஷம் ஆகஸ்ட் மாதம், ஒரு திங்கட்கிழமை காலையில் கார்ப்போ என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நிறுவைக்குக்கூடப் போகவில்லை.

"மாரே, பையன் நேத்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். நிறுத்தணும்பா, என்னால முடியல, நீங்களே நிறுத்துங்கங்கறான். என்ன செய்யட்டும்?"

இதைவிட நல்ல சேதி ஏது? எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கு மூன்று மாதம் முன்னால்தான் போதைப் பழக்கம் பற்றி ஒரு நாள் பயிற்சிக்குப் போய்வந்திருந்தேன். ஒரு பனியன், ஒரு குடை, ஒரு சுவரொட்டி கொடுத்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த வகுப்பில் நான் பாதித் தூக்கம். சுவரொட்டியில் சிவப்பு எழுத்தில் இருந்தது மட்டும் மனசில் நின்றது: ஒரு சொட்டும் வேண்டாம்.

"ஒரு சொட்டுகூடக் குடுக்காதீங்க பாரே" என்றேன். பெரிய டாக்டர் மாதிரிச் சொன்னேன். "அறையில விட்டு வெளிய பூட்டிடுங்க. கெஞ்சுவான், அழுவான், மனசு இளகாதீங்க. ஒரு வாரம் பல்லைக் கடிச்சா போதும்."

"ஒரு சொட்டுகூடவா?"

"ஒரு சொட்டுகூட."

கார்ப்போவிடம் அளவு சொல்லிவிட்டால் போதும், மாறமாட்டார். கஞ்சியும் தண்ணீரும் உள்ளே வைத்தார். அந்தோய் தானே உள்ளே போய் உட்கார்ந்து, "பூட்டுங்கப்பா" என்றானாம்.

மறுநாள் மத்தியானம் கார்ப்போ ஓடிவந்தார்.

"வேர்த்து ஊத்துது மாரே. சட்டை பிழியற மாதிரி இருக்கு. உடம்பெல்லாம் உதறுது. கஞ்சி தங்கல. பாதிக் கோடு குடுங்கப்பா, பாதிக் கோடுன்னு கதவைத் தட்டறான். ஆஸ்பத்திரிக்குப் படகு புடிக்கட்டுமா?"

படகு பிடிக்கட்டுமா என்று கேட்டார். என்னிடம் கேட்டார். நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். கையைக்கூடத் துடைக்கவில்லை.

"அது விஷம் வெளிய போறது பாரே. போகட்டும். உதறினா நல்லதுதான். ஆஸ்பத்திரிக்குப் போனா குடிகாரன்னு ஏச்சுதான் கிடைக்கும். இன்னும் ரெண்டே நாள்ல உதறல் அடங்கிடும்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அதற்கப்புறம் நானும் போய் எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்த்தால் மனசு இளகிவிடும் என்று எனக்கே நான் உபதேசம் செய்துகொண்டேன்.

மூன்றாம் நாள் காலை அந்தோய் சுவரெல்லாம் நண்டு ஊர்கிறது என்று கத்தினான். தட்டித் தட்டி விரல் நகம் பெயர்ந்துவிட்டது. உடம்பு கொதித்தது. அப்பாவை அடையாளம் தெரியவில்லை. "தாசியோ மாமா, உங்க முறை, உங்க முறை" என்று கூவிக்கொண்டிருந்தான். அக்கம்பக்கத்தில் பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது வலிப்பு வந்து வாயில் நுரையோடு கிடந்தான். படகில் ஏற்றினோம். மாகாண ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரம் கடல். வழியில் இன்னும் இரண்டு தடவை வலிப்பு வந்தது. கார்ப்போ அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, சின்ன வயதில் வட்டத்தில் தூங்குவானே, அதே மாதிரி பிடித்திருந்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்தோய் இறந்துபோனான்.

டாக்டர் சின்னப் பெண். களைத்துப்போயிருந்தாள். "எப்போ குடிக்கறதை நிறுத்தினார்?" என்று கேட்டாள்.

"திங்கக்கிழமை, டாக்டர். ஒரு சொட்டு குடுக்கல" என்றார் கார்ப்போ. அந்த நிலையிலும் சொன்னதைச் சரியாகச் செய்தவனின் நிமிர்வு அந்தக் குரலில் இருந்தது. அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

அவள் பேனாவை மூடி வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஐயா, இத்தனை வருஷமா தினமும் குடிச்ச உடம்பு. திடீர்னு நிறுத்தினா தாங்காது. வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. நிறுத்தணும்னு அவர் சொன்ன அன்னிக்கே இங்க கூட்டிட்டு வந்திருந்தா, படுக்கவச்சு, அதுக்குன்னு இருக்கற மருந்து குடுத்து, பக்கத்துலயே இருந்து பாத்திருப்போம். கை உதறினப்பவாவது வந்திருக்கணும். உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

நான் தரையைப் பார்த்தேன். கார்ப்போ என் பக்கம் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை.

"இல்லம்மா" என்றார்.

சாவு வீட்டில் வழக்கம்போல ஆண்கள் வட்டம் போட்டார்கள். எங்கள் ஊரில் சவப்பெட்டி வீட்டில் இருக்கும்வரை வட்டமும் இருக்கும். பழக்கதோஷத்தில் யாரோ பாட்டிலையும் குவளையையும் கார்ப்போவின் கையில் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தபிறகுதான் அவர்களுக்கே உறைத்தது. அவர் கோடு வரைக்கும் ஊற்றினார். பெட்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து அதை மண்ணில் விட்டார். பிறகு பாட்டிலைத் தாசியோவின் காலடியில் வைத்துவிட்டு, குவளையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். வேறு குவளை வந்தது. வேறு யாரோ ஊற்றினார்கள், மேலும் கீழுமாக, கை போனபடி.

நாற்பதாம் நாள் பிரார்த்தனை முடிந்தபிறகு அவர் என்னிடம் ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினார். "குறைக்கவேண்டிய அன்னிக்கு அரை விரல் குறைச்சிருந்தா என்ன போயிருக்கும் மாரே? என் பேருதான போயிருக்கும்" என்றார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் அழுதிருப்பேன். அவர் திட்டவில்லை. எனக்கு அழவும் வழியில்லை.

அதனால்தான், பிள்ளைகளிடம் குடியைப் பற்றிப் பேச அவரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டேன். என் குற்றத்துக்கு அவரை வைத்துப் பரிகாரம் தேடினேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

"நான் என்னத்தப் பேசறது? எனக்கு நிறுக்கத் தெரியும், ஊத்தத் தெரியும்."

"அதையே செய்ங்க பாரே."

எங்கள் உயர்நிலைப் பள்ளியில், பத்தாம் வகுப்பில், இருபத்திரண்டு நாற்காலியை வட்டமாகப் போட்டோம். கார்ப்போ ஒரு கூஜாவில் தண்ணீரும் அந்தக் குவளையும் கொண்டுவந்திருந்தார். நான் அவருக்கு இடப்பக்கத்தில் உட்கார்ந்தேன். வட்டத்தில் அதுதான் கடைசி முறை. அவர் கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றி வலப்பக்கத்துப் பையனிடம் நீட்டினார். ஜுன்ரெல் என்று பெயர், வகுப்பிலேயே வாயாடி. அவன் பெரிய குடிகாரன் மாதிரி முகத்தைச் சுளித்துக் குடித்தான். ஒரே சிரிப்பு. குவளை சுற்றியது. இரண்டாவது சுற்றில், "சூடாகுதுடா, சூடாகுதுடா!" என்று அவர்களே கத்த ஆரம்பித்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மூன்று, நாலு. கூஜாவை இடையிடையே குழாயில் நிரப்பிக்கொண்டோம். ஐந்தாவது சுற்றில் சிரிப்பு நின்றுவிட்டது. ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். ஆறாவதில் ஜுன்ரெல் குவளையை உற்றுப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான்.

"தம்பி, தாகமா இருக்கா?" என்றார் கார்ப்போ.

"ஐயோ, இல்ல ஐயா. ஒண்ணுக்கு வருது."

"பின்ன ஏன் குடிச்ச?"

"என் முறை வந்துச்சே."

"வேணாம்னு சொல்லவேண்டியதுதான?"

அவன் வட்டத்தைச் சுற்றிப் பார்த்தான். "எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க" என்றான்.

கார்ப்போ கூஜாவைக் கீழே வைத்தார். "இது தண்ணி. ஆறாவது சுத்துல வயிறே போதும்னு சொல்லிடுச்சு. சாராயம் வேற. அது போதும்னு சொல்லாது, இன்னும் குடுன்னு சொல்லும். அப்புறம் ஒருநாள் காலையில எழுந்ததும் கை தானா ஆடும். அன்னிலேர்ந்து முறையும் கிடையாது, வட்டமும் கிடையாது. நீ குடிக்கலன்னா உடம்பு உன்னை அடிக்கும். என் மகனை அடிச்சுது." பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பூட்டு, நண்டு, படகு, டாக்டர் சொன்னது எல்லாம்.

இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் கையைத் தூக்கினாள். "ஐயா, அவருக்கு முதல் குவளை யார் குடுத்தா?"

"நான்" என்றார். "இந்தக் குவளைதான். இந்தக் கோடு வரைக்கும்."

அவள் உட்காரவில்லை. அவள் கண்ணைப் பார்த்தால் அவள் வீட்டிலும் யாரோ இருக்கிறார்கள் என்று தெரிந்தது. "அப்போ... பூட்டி வைக்கச் சொன்னது யாரு?"

கார்ப்போ குவளையைக் கையில் எடுத்து ஊற்றிக்கொண்டே பதில் சொன்னார்.

"யாரும் சொல்லல கண்ணு. எனக்கா தோணுச்சு."

ஊற்றியதை மற்றவர்களைத் தாண்டி என் பக்கம் நீட்டினார். என் முறை. இருபது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாங்கினேன், குடித்தேன், திருப்பிக் கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை.

மூன்று சக்கர வண்டியில் வீட்டுக்குத் திரும்பினோம். கூஜா அவர் மடியில் தளும்பிக்கொண்டிருந்தது.

"ஏன் பாரே அப்படிச் சொன்னீங்க?"

"அந்தப் புள்ளைங்களோட அம்மாங்க நாளைக்குக் குழந்தைக்கு ஊசி போட உங்ககிட்டதான வரணும். நம்பிக்கை போச்சுன்னா வருவாங்களா? எனக்கென்ன, நான் மீன் நிறுக்கறவன்."

"எல்லாருக்கும் ஒரே கோடுன்னு சொல்லுவீங்களே. என் பங்கையும் நீங்களே குடிச்சுட்டீங்களே."

அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒரே ஒரு தடவையாவது யாருக்காவது குறைச்சு ஊத்திப் பாக்கணும்னு இருந்துச்சு மாரே" என்றார்.

வண்டிக்காரன் திரும்பித் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அழுதேன். ஒரு வருஷத்து அழுகை.

ஆனால் கார்ப்போ தப்பு செய்துவிட்டார். அன்றைக்கு மகனுக்குக் குறைக்காதது எப்படித் தப்போ, இன்றைக்கு எனக்குக் குறைத்ததும் அப்படியே தப்பு. அந்தப் பின்னல் போட்ட பெண் என்ன நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள்? தெரியாத ஒரு அப்பா தெரியாமல் செய்துவிட்டார், சுகாதாரப் பணியாளரைக் கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பார் என்றுதானே? கேட்டார். பனியன் போட்டுக்கொண்டு, குடை பிடித்துக்கொண்டு நடக்கிற ஒருத்தியைத்தான் இரண்டு தடவை கேட்டார். படகு பிடிக்கட்டுமா என்று கேட்டார். தெரியாது என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் படகு பிடித்திருப்பார். ஊரில் நாளைக்கு எனக்கு என்ன பெயர் வந்தாலும் வரட்டும். வியாழக்கிழமை கேட்கப்போகிற பிள்ளைகளில் யார் வீட்டிலாவது ஒருவனுக்குக் கை உதறினால், கதவைப் பூட்டாமல் படகைப் பிடிக்கவேண்டும்.

குவளையைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை கார்ப்போவுக்கு வலப்பக்கத்தில் உட்காரப்போகிறேன். முதல் குவளை அங்கேதான் வரும். கோடு வரைக்கும் ஊற்றச் சொல்லி, குடித்துவிட்டு, குவளையைத் திருப்பிக் கொடுக்கும்முன் பேச ஆரம்பிப்பேன். என் பெயர் விசிங், அந்தோய் என் ஞானமகன், அவனைப் பூட்டி வைக்கச் சொன்னவள் நான்தான்.